டப்ளினில் கலந்த ஆரத்தி

அமெரிக்காவில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்ப எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வீடுகள் இருந்தன, கார்கள் இருந்தன, வெட்டி விட்ட புல்வெளி இருந்தது. ஆள்தான் இல்லை. என் தங்கை வசந்தா வீட்டு ஜன்னலில் நின்று அரை மணி நேரம் தெருவைப் பார்த்தேன். ஒரு நாய்கூடப் போகவில்லை. திடீரென்று எதிர்வீட்டுப் புல்வெளியில் தரைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் எழுந்து, தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, தாமாகவே உள்ளே போய்விட்டன. ஈரோட்டில் தண்ணீர் வரும் இடத்தில் குறைந்தது இரண்டு சண்டையாவது இருக்கும்.

தொண்ணூற்று ஏழு டிசம்பரில் அங்கே போனேன். ஊர் டப்ளின். கலிஃபோர்னியாவிலும் ஒரு டப்ளின் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். சுற்றிப் பார்க்கவெல்லாம் போகவில்லை. வசந்தாவின் வீட்டுக்காரர் சேகர் போன் பண்ணி, “நீங்க வந்தாத்தான் ஆகும்க்கா” என்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, நின்று நிதானித்துப் பேசுபவர், அன்றைக்கு அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. நான் ஈரோடு அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து, பாதி நாளை விபத்துப் பிரிவில் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். குரலைக் கேட்டே கேஸ் எப்படி என்று சொல்லிவிடுவேன். கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர்களுக்கு ஒரே பையன், பிரவீன், இருபது வயது. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவன், யாரிடமும் சொல்லாமல் நேவியில் சேர்ந்துவிட்டான். அதிலும் கப்பலில் இல்லை. மரீன்ஸ் என்று தரையில் இறங்கிச் சண்டை போடுகிற படை ஒன்று இருக்கிறது. அவர்களுக்குச் சொந்தமாக வைத்தியம் பார்க்க ஆள் கிடையாதாம். நேவிதான் அனுப்புமாம். அடிபட்டவனை குண்டுக்கு நடுவிலே போய்த் தூக்குகிற வேலை. அதற்குத் தெற்கே கடற்கரையோரம் ஒரு முகாமில் பயிற்சி. அது முடிய இன்னும் ஒரு வாரம். முடிந்ததும் ஜப்பான் பக்கம் ஏதோ தீவுக்குப் போகிறான்.

அவன் வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு வசந்தா வாசலுக்கு வரவில்லை. அவன் சமையலறை வாசலில் நின்று “போறேம்மா” என்றானாம். இவள் வாயைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினால் சேகர் பேசுவார், இவள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாள். தீவுக்குப் போவதற்குள் அவள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அதற்குத்தான் என்னை வரவழைத்தது. என் தங்கையின் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என்னோடு போட்ட சண்டைக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் பேசினாள்.

முதல் நாள் சாயங்காலம் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது. வசந்தா எச்சில் கையோடு எழுந்து இடது கையால் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. மூன்று விநாடி கேட்டாள். வைத்தாள். உடனே வேறொரு நம்பரை அழுத்தி, ஆங்கிலத்தில் “எல்லாம் அமைதி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வந்து உட்கார்ந்து அப்பளத்தை உடைத்தாள்.

யாருடி அது என்றேன். லீட்டா என்றாள். மறுநாளும் ஏழு மணி, மறுபடி அதே மூன்று விநாடி. இவளுக்கு ஏதாவது புத்தி பிசகிவிட்டதா என்று மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

அவர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். ஏழு பெயர், ஏழு நம்பர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பயிற்சியில் இருக்கிற ஏழு பையன்களின் குடும்பங்கள். தினமும் ஏழு மணிக்கு முதல் வீடு இரண்டாவது வீட்டைக் கூப்பிடும், இரண்டாவது மூன்றாவதை. கடைசி வீடு முதல் வீட்டைக் கூப்பிட்டால் வட்டம் முடிந்தது. நல்ல சேதி என்றால் “எல்லாம் அமைதி”. கெட்ட சேதி என்றால் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: “அங்கேயே இரு, வருகிறேன்.” யாரும் கெட்ட சேதியைத் தனியாக நின்று கேட்கக் கூடாது என்று ஏற்பாடு. அந்த இரண்டாவது வாக்கியத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார் மாப்பிள்ளை. மகனோடு பேசாதவள், இந்தப் போனை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லையாம்.

நான்காம் நாள் லீட்டா வீட்டுக்குப் போனோம். பிலிப்பைன்ஸ்காரி, ஐந்தடிகூட இருக்க மாட்டாள், சிரித்தால் வீடே அதிரும். அவள் கணவர் நேவி சமையலறையில் இருபது வருஷம் இருந்தவர். விரல் மாதிரி மெல்லிசாகச் சுருட்டிய பொரித்த பண்டம் ஒன்று கொடுத்தார்கள். உள்ளே என்ன என்று கேட்டுக்கொண்டே நாலு தின்றுவிட்டேன். காய்கறி என்றார்கள், நம்பினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். கூடத்தில் சோபாவை ஒதுக்கிவிட்டு, தரையில் இரண்டு பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்தி தொடையில் துணிக்கட்டு. இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முனகினாள். பக்கத்திலேயே டீ ஆறிக்கொண்டிருந்தது. பையன்களுக்குப் பரீட்சை வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிறார்கள். குடும்பங்கள் முகாம் பக்கம் போய், ஒரு பூங்காவில் அடிபட்டவர்களாகக் கிடப்பார்கள். பையன்கள் வந்து பழகிக்கொள்வார்கள். அதற்கு இவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மா தெரியும். பாடத்துக்குப் பிணமாகப் படுத்துக்கிடக்கிற அம்மாவை அங்கேதான் பார்த்தேன்.

என் கை சும்மா இருக்குமா? துணிக்கட்டை அவிழ்த்து மேலே ஏற்றிக் கட்டினேன். முனகிய பெண்ணிடம், கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆகவே உங்களில் பாதிப்பேர் வாயை மூடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் நான்தான் அங்கே பெரிய டாக்டர். லீட்டா ஒரு குறை சொன்னாள். போன தடவை ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தார்களாம். எறும்பும் தேனீயும் மொய்த்து, செத்துக் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடிவிட்டார்களாம். ரத்தத்தை என்னிடம் விடு என்றேன்.

மறுநாள் இந்தியக் கடையில் மஞ்சள்தூளும், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு டப்பா நாலும் வாங்கினேன். வசந்தா குளிக்கப் போன நேரத்தில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். சட்டென்று சிவந்தது. கெட்டியாக வேண்டும் என்று மைதாக் கஞ்சி சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. முப்பத்தோரு வருஷம் பார்த்த நிறம், அசல். காலிப் பால் கேன் இரண்டில் ஊற்றி மூடினேன். எனக்கே ஒரு பெருமை.

வசந்தா தலையில் துண்டோடு வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“யாருக்குக்கா ஆரத்தி?”

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கை வேலை பார்த்தது, மண்டை பார்க்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் தண்ணீரும் வேறென்ன? ஊரில் கல்யாண ஜோடிக்கு, பிள்ளை பெற்று வீடு வருகிறவளுக்கு, தூரதேசம் போய்த் திரும்பி வருகிறவனுக்கு வாசலில் நிறுத்திச் சுற்றுவதை, நான் இரண்டு கேன் நிறைய ரத்தமாகக் கலந்து வைத்திருக்கிறேன். கொட்டிக் கழுவிடறேன் என்று கேனைத் தூக்கினேன். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்தவங்களுக்குத்தானக்கா இதைச் சுத்துவாங்க. கலந்தாச்சு. சாக்கடையில ஊத்தக்கூடாது.”

அதற்குப் பிறகு அவள் அறைக்குப் போய் ஒரு பையில் இரண்டு புடவையை வைத்ததைப் பார்த்தேன். வரமாட்டேன் என்று ஐந்து மாதம் சாதித்தவள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: அவனோடு பேச வரவில்லை, கேனைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாளாம். சரி தாயே என்றேன்.

சனிக்கிழமை லீட்டாவின் வேனில் புறப்பட்டோம். சேகருக்கு ஆபீஸில் ஏதோ முடித்தாக வேண்டும், வரமுடியவில்லை. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. பனிமூட்டம் என்றால் ஊட்டியில் பார்த்திருக்கிறேன், இது வேறு. பகல் பதினோரு மணிக்கு முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு இரண்டு மட்டும் மிதந்துகொண்டு போயிற்று. வண்டியும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. திடீரென்று சாணி நாற்றம் மூக்கைத் துளைத்தது. வெளியே ஆயிரக்கணக்கில் மாடு நிற்கிறது என்றார் லீட்டாவின் கணவர். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் பனிக்குள் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்து, நான் ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்தேன். வசந்தா இரண்டு கேனையும் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

பனியில் ஊர்ந்து ஊர்ந்து, மலை ஏறும்போது இருட்டிவிட்டது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. மணி ஏழாக ஐந்து நிமிஷம். வசந்தா கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். மற்ற குடும்பங்கள் எல்லாம் முன்னால் போய்விட்டன. ஆனால் பட்டியலில் வசந்தாவுக்கு அடுத்த, ஏழாவது ஆள், இடுப்பு ஆபரேஷனான ஒரு அப்பா, வர முடியாமல் வீட்டில் தனியாக இருந்தார். போன் வராவிட்டால் அவர் என்ன நினைப்பார்?

ரோட்டோரம் மஞ்சள் பெட்டியில் அவசரப் போன் ஒன்று இருந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போக, வசந்தா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள், பின்னாலேயே நானும். அதில் யாரையும் கூப்பிட முடியாதாம், வண்டி ரிப்பேருக்கு மட்டும்தானாம். எடுத்த பெண்ணிடம் வசந்தா வண்டி நின்ற இடத்தைச் சொன்னாள். பிறகு ஒரு நம்பரைச் சொல்லி, அங்கே கூப்பிட்டு “எல்லாம் அமைதி” என்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றாள் அந்தப் பெண். ஏன், எதற்கு, நீ யார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் இன்றைக்கும் என் ஞாபகத்தில் இருக்கிறாள், மகராசியாக இருக்கட்டும்.

ஞாயிறு காலை பூங்கா. கடலிலிருந்து வெள்ளையாக மூட்டம் ஏறி வந்து மரங்களின் பாதி உயரத்தில் நின்றது. பையன்களை லீட்டாவின் கணவர் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டார். வசந்தா வேனை விட்டு இறங்கியதே அப்புறம்தான். அவள் வந்திருப்பது பிரவீனுக்குத் தெரியாது.

ஒரு தொப்பிக்குள் அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். என்னுடையதில் கால் எலும்பு முறிவு. லீட்டாவுக்குத் தொடையில் பெரிய ரத்தப்போக்கு, பேச முடியாது. வசந்தா எடுத்ததைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். பிடுங்கிப் பார்த்தேன். மூச்சு இல்லை என்று எழுதியிருந்தது.

மாற்றிக்கொள்ளலாம் கொடு என்றேன். வேண்டாம் என்றாள். எனக்கு வந்ததை நான் வெச்சுக்கறேன் என்றாள். கேனைத் திறந்து அவளே தன் கழுத்திலும் மார்பிலும் ஊற்றிக்கொண்டு, மரத்தடிப் புல்லில் கவிழ்ந்து படுத்தாள். கூந்தல் அவிழ்ந்து முகத்தை மூடியது. பத்தடி தள்ளி நான். எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான் நான். ஆனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு பையனாக அனுப்பினார்கள். ஒருவனுக்கு நாலு பேர், நாலு நிமிஷம். மூச்சு இல்லாதவரைத் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் கையில் கறுப்பு நாடா கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் ஓட வேண்டும். பரீட்சையில் அதைத்தான் பார்ப்பார்களாம். முதல் இரண்டு பையன்கள் வசந்தாவுக்கு நாடாவைக் கட்டிவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் லீட்டாவின் கணவர் வந்து அதை அவிழ்த்து எடுத்தார். அவள் மறுபடி கவிழ்ந்துகொண்டதோடு சரி, அசையவே இல்லை.

மூன்றாவது பிரவீன். மொட்டைத் தலை, இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் “பெரியம்மா” என்று முகம் மலர்ந்தது. உடனே மூடிக்கொண்டான். என் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிய நேர்த்தியைப் பார்த்து, எங்கள் வார்டில் இருந்திருந்தால் இவனை விட்டிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். இன்னொருவர் தோளைப் பார்த்தான். பிறகு மரத்தடிக்குப் போனான். முகத்தில் கிடந்த முடியை ஒதுக்கித் திருப்பினான்.

அவன் கை நின்றது.

தலையை நிமிர்த்தினான். கன்னத்தை அவள் மூக்கருகே வைத்துப் பார்த்தான். கழுத்தில் இரண்டு விரலை வைத்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். “அம்மா” என்றான், மெதுவாக. அவள் மூச்சை விடவில்லை. லீட்டாவின் கணவர் இன்னும் இரண்டு நிமிஷம் என்று கத்தினார். பிரவீன் நகரவில்லை. நாடா அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தவள் ரத்தம் போய்க் கிடக்கிறாள், போ, போ என்று அந்த மனிதர் கத்தினார். அடுத்தவள் அவர் பெண்டாட்டி. இன்னும் ஒரே நிமிஷம் என்றார். பையன் முழங்காலிட்டபடி அதே இடத்தில் கழுத்திலே விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். நிஜத்தில் இப்படி உட்கார்ந்தால் இவன் திரும்பமாட்டான் என்று தெரிந்தது. விபத்துப் பிரிவில் இருந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

வசந்தா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“அங்க ஒருத்தங்க கிடக்கறாங்க பாரு. எந்திரிச்சுப் போயிட்டு வாடா.”

ஐந்து மாதத்தில் அவள் அவனோடு பேசியது அவ்வளவுதான். அவன் அவள் கையில் நாடாவைக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. எழுந்து ஓடினான். லீட்டாவின் தொடையில் கட்டை இறுக்கி முடிக்கும்போது விசில் ஊதியது. பிழைத்தாள் என்றார்கள். லீட்டா படுத்தபடியே கைதட்டினாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பிரவீன் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னான்: பெரியம்மா, நடிப்பு என்று தெரியும், ஆனால் நிஜமாகவே நாடி கிடைக்கவில்லை. பதற்றத்தில் யாருக்கும் கிடைக்காது, எனக்கும் முதல் வருஷம் கிடைத்ததில்லை என்றேன். சொன்னேனே தவிர, நேராகப் போய் வசந்தாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். இருந்தது. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணிவிட்டுத்தான் விட்டேன்.

மீதி அரை கேன் இருந்தது. வசந்தா அதை ஒரு காகிதத் தட்டில் ஊற்றி, ஆறு பையன்களையும் கிழக்கே பார்த்து நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றினாள். ஏழாவது பையனைப் பெற்றவர் ஊரில் தனியாக இருந்தாரே, அவன் மட்டும் ஓரமாக நின்றான். அவனையும் இழுத்து வரிசையில் சேர்த்தாள். ஒவ்வொருவன் நெற்றியிலும் தொட்டு வைத்தாள். இன்னும் போகவே இல்லை, அதற்குள் வந்தவங்களுக்குப் பண்றதைப் பண்றியே என்று கேட்டேன். வந்தாச்சுன்னு வெச்சுக்க என்றாள். தட்டைக் கொண்டுபோய் நாலு ரோடு சேருகிற இடத்தில் கொட்டினாள். போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று லீட்டாவின் கணவர் கவலைப்பட்டார்.

டப்ளின் திரும்பி இரண்டாம் நாள். மூன்று தடவை குளித்தும், வசந்தாவின் கழுத்தில் இடது பக்கம் இரண்டு விரல் அடையாளம் மஞ்சளாக அப்படியே இருந்தது. ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தாள், கேட்டாள், வைத்தாள், அடுத்த நம்பரை அழுத்தி எல்லாம் அமைதி என்றாள். இன்னும் ஒரு வாரத்தில் அந்தக் கறை போய்விடும் என்றேன்.

கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “கிடைக்கலைன்னு சொன்னானாமே. வந்து மறுபடியும் தேடட்டும்” என்றாள்.